கயிறு வாங்கிக் கட்டுகிறவர் வீட்டில் ஒரு வேளை

துருக்கிக் கரையில் படகு எடுக்கப்போகும் அன்பர்களுக்கு,

போன வருஷம் செப்டம்பரில் நாங்கள் பதினொரு பேர் துருக்கியின் தென்மேற்குக் கரையில் ஒரு வாரம் படகிலேயே இருந்துவிட்டு வந்தோம். அன்றிலிருந்து என் கைபேசிக்கு ஓய்வில்லை. அண்ணா நகரிலிருந்து ஒரு குடும்பம், லண்டன் ஹாரோவிலிருந்து ஒரு குடும்பம், சிங்கப்பூரில் பழைய மாணவர் கூட்டம் ஒன்று, மணிவிழா முடித்த கையோடு கிளம்பும் அண்ணன் தம்பி மூன்று பேர். எல்லாரும் கேட்பது மூன்றே கேள்வி. எந்தப் படகு? எவ்வளவு ஆச்சு? சமையல்காரர் நம்ம சாப்பாடு செய்வாரா?

முதல் இரண்டுக்கும் அவரவருக்குத் தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். மூன்றாவதுக்குத்தான் இந்த மடல். தனியாகச் சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள். பொதுவில் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்வீர்கள், எனக்கும் வசதி.

செய்வார். ரசப்பொடி கொடுத்தால் ரசம்கூட வைப்பார். ஆனால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவரை விட்டுவிட்டுக் கரையில் இறங்குங்கள். ஏழு இரவில் நாலு இரவாவது இறங்குங்கள். ஏன் என்று சொல்வதற்குள் கொஞ்சம் சுற்றி வளைப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எடுக்கப்போகும் படகுக்கு அங்கே குலெத் என்று பெயர். இரண்டு பாய்மரம், அகன்ற அமரம், அதில் மெத்தை போட்டு ஊரே உட்காரலாம். போத்ரும், போஸ்புருன் பக்கத்துத் தச்சர்கள் கட்டுவது. நான் தூத்துக்குடிக்காரி. அப்பா தோணிகளுக்குச் சரக்கு ஏற்றும் கடையொன்றில் கணக்கு எழுதினார். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போகும் மரத்தோணிகளைப் பழைய துறைமுகத்தில் பார்த்து வளர்ந்த கண் எனக்கு. அதனால் ஏறியதும் முதலில் பலகை இணைப்பைத்தான் தடவிப் பார்த்தேன். நல்ல வேலை. பாய்தான் பெரும்பாலும் அழகுக்கு. ஒரு வாரத்தில் ஒரு தடவை, அதுவும் நாங்கள் கெஞ்சியதற்காக, முக்கால் மணி நேரம் விரித்தார்கள். மற்றபடி இன்ஜின்தான். படம் பார்த்து ஏமாற வேண்டாம்.

செருப்பை ஏறுபலகையில் கால் வைக்கும்போதே கழற்றிக் கூடையில் போட்டுவிட வேண்டும். நமக்கு அது சொல்லித் தர வேண்டியதில்லை. நன்னீர்த் தொட்டி சிறியது, ஆளுக்கொரு வாளிக் குளியலுக்கு மேல் போனால் கப்தான் முகம் மாறும். கழிவுநீரைக் கடலில் விட முடியாது; முலா மாகாணத்தில் ஒவ்வொரு படகுக்கும் ‘நீல அட்டை’ ஒன்று உண்டு, எத்தனை லிட்டர் கழிவைத் துறையில் இறக்கினார்கள் என்பது அதில் பதிவாகும். இந்த ஏற்பாட்டைப் பார்த்து எனக்குப் பொறாமை வந்தது, ஏன் என்று நம் துறைமுகப் பக்கம் நடந்தவர்களுக்குத் தெரியும்.

இந்தப் பயணத்துக்கு ‘நீலப் பயணம்’ என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். ஏஜென்ட் கண்டுபிடித்த பெயர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அதற்குப் பின்னால் ஒரு தண்டனை இருக்கிறது. ஜெவாத் ஷாகிர் என்ற எழுத்தாளர், ராணுவத்தைவிட்டு ஓடியவர்கள் விசாரணையின்றிக் கொல்லப்பட்டதை எழுதியதற்காக 1925இல் போத்ருமுக்கு நாடு கடத்துவதுபோல் அனுப்பப்பட்டார். அன்று அது சாலை வசதி இல்லாத மீனவக் கிராமம். அரசு அவரைத் தண்டிப்பதாக நினைத்தது, மனிதர் அந்த ஊரோடு காதலில் விழுந்துவிட்டார். தண்டனை முடிந்த பிறகும் திரும்பி வந்து பல வருஷம் அங்கேயே இருந்தார். ஊரின் பழைய பெயரைச் சேர்த்து ‘ஹாலிகர்னாசின் மீனவன்’ என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். தன் எழுத்தாள நண்பர்களைக் கடற்பஞ்சு எடுப்பவர்களின் படகில் ஏற்றிக்கொண்டு குடா குடாவாகச் சுற்றினார். ரொட்டி, பாலாடைக்கட்டி, தண்ணீர், கொஞ்சம் ரக்கி மது. மற்றதெல்லாம் கடலும் கரையும் கொடுத்ததுதான். அந்தக் கூட்டத்திலிருந்த ஆஸ்ரா எர்ஹாத் என்ற அம்மையார் 1962இல் ‘நீலப் பயணம்’ என்ற பெயரிலேயே புத்தகம் எழுதினார். பெயர் நிலைத்துவிட்டது.

அவர்கள் போன படகில் குளிர்பதனப் பெட்டி கிடையாது. எங்கள் படகில் இரண்டு இருந்தன. ஒன்றில் எங்கள் மதினி கொண்டுவந்த புளிக்காய்ச்சல், எலுமிச்சை ஊறுகாய், மாவடு, உறைமோர். வெயிலில் வெந்து வரும் பிள்ளைகளுக்குத் தயிர்சாதம் இல்லாவிட்டால் எப்படி என்று மதினி கேட்டார். யோகர்ட் என்ற சொல்லையே உலகத்துக்குக் கொடுத்த நாட்டுக்குச் சென்னையிலிருந்து உறைமோர் கொண்டுபோனவர்கள் நாங்கள்.

இனி எங்கள் கதை. இரண்டாம் நாள் சாயங்காலம், ஃபெத்தியே வளைகுடாவில் ஒரு சின்னக் குடா. பெயர் வேண்டாம். மூன்று பக்கமும் பைன் மரம் கடலில் முகம் பார்க்கும்; நடுவே ஒரு பலகைத்துறை, அதன் தலைமாட்டில் கொடிப்பந்தல் போட்ட உணவகம், பின்னால் ஒரு வீடு, நாலைந்து ஆடு. சாலை கிடையாது. மாவு, ஐஸ், காஸ் எல்லாமே படகில்தான் வர வேண்டும். நாங்கள் நெருங்கும்போதே பதினாறு பதினேழு வயசுப் பையன் ஒருவன் துறையின் முனைக்கு ஓடிவந்து கையை ஆட்டினான்.

இந்தக் கரையில் படகு கட்டும் முறையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். வெறும் குடா என்றால் அணியத்தில் நங்கூரத்தைப் போட்டுவிட்டு, பின்னாலேயே கரைக்குப் போய், ஒருவர் கயிற்றின் நுனியோடு நீந்தி அதைப் பாறையிலோ கம்பத்திலோ கட்டுவார். துறை இருக்கும் இடத்தில் அது தேவையில்லை. கடலடியில் கான்கிரீட் கட்டை போட்டு அதிலிருந்து ஒரு கயிறு துறைவரை தண்ணீருக்குள் கிடக்கும். பையன் அதைக் கொக்கிக் கழியால் தூக்கி நம் ஆள் கையில் கொடுப்பான், நம் அமரத்துக் கயிற்றை அவன் வாங்கி முளையில் சுற்றுவான். இரண்டு நிமிஷ வேலை. பிறகு தண்ணீர்க் குழாயை நீட்டுவான். மின்சார வயர் இருந்தால் அதையும். இதற்கெல்லாம் கட்டணம் எவ்வளவு என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பார்கள். உண்மையாகவே ஒன்றுமில்லை. நீங்கள் ராத்திரி அங்கே சாப்பிடுவீர்கள், அவ்வளவுதான். ரசீது இல்லை, கையெழுத்து இல்லை, பலகையில் எழுதி வைக்கவும் இல்லை. கயிற்றை நீட்டினாலே சம்மதம்.

கப்தான் எங்களிடம் வந்து, இன்றைக்கு ராத்திரி கரையில் சாப்பாடு, எட்டு மணிக்கு மேசை சொல்லியிருக்கிறேன் என்றார். எங்கள் கூட்டத்தில் கணக்குப் பார்ப்பவர் என் அத்தான். மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் சேர்த்துத்தானே பணம் கட்டியிருக்கிறோம், எதற்கு இன்னொரு தடவை கொடுக்க வேண்டும் என்று கேட்டார். அதோடு விட்டிருக்கலாம். கப்தானுக்குக் கமிஷன் இருக்கும் என்றும் தமிழில் சொன்னார். கப்தானுக்குத் தமிழ் தெரியாது. கமிஷன் என்ற சொல் துருக்கியிலும் ஏறக்குறைய அதேதான்.

அவர் ஒன்றும் பேசவில்லை. சமையல்காரரிடம் போய் இரண்டு வார்த்தை சொன்னார், அவர் அடுப்பைப் பற்றவைத்தார். நாங்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு, பாட்டுப் போட்டுக்கொண்டு, தட்டில் தயிர்சாதமும் மாவடுவும் வைத்துக்கொண்டு கரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். முப்பதடி தூரத்தில் எங்களுக்காக விரித்த நீள மேசை. வெள்ளைத் துணி, காற்றில் பறக்காமல் முனைக்கு முனை கிளிப். பதினொரு கண்ணாடி டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது, நான் எண்ணினேன். அன்றைக்கு அந்தக் கடையில் வேறு ஒரே ஒரு பாய்ப்படகின் கணவன் மனைவிதான் சாப்பிட்டார்கள். ஒன்பதரைக்குப் பையன் வந்து டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டு போனான். எங்கள் பக்கம் திரும்பவில்லை.

தட்டில் இருந்த சாதத்தை என்னால் முடிக்க முடியவில்லை. கல்யாண வீட்டுப் பந்தலில் உட்கார்ந்துகொண்டு கட்டுச்சோற்றை அவிழ்த்ததுபோல் இருந்தது.

விடிகாலை ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும். ஃபெத்தியேயைத் தாண்டித் தெற்கே போனால் ஏழு முனை என்ற இடம் வரும். ஒதுங்க இடமில்லாத பாறைக்கரை. கோடையில் மெல்தெம் என்று ஒரு காற்று, கச்சானுக்கும் வாடைக்கும் நடுத்திசையிலிருந்து, மத்தியானத்துக்கு மேல் எழும். அதற்கு முன் அந்த முனைகளைக் கடந்துவிட வேண்டும் என்பது எல்லாக் கப்தான்களின் கணக்கு. நாங்கள் எழுந்தபோது பையன் ஏற்கெனவே முளையருகே நின்றுகொண்டிருந்தான். கூடவே தலையில் பூப்போட்ட துணி கட்டிய ஒரு வயசான அம்மாள். கையில் துணி சுற்றிய பொட்டலம். எட்டி என் கையில் கொடுத்தார். அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டி, துணிக்கு வெளியே சூடு தெரிந்தது. ‘அஃபியெத் ஓல்சுன்’ என்றார். நன்றாகச் சாப்பிடுங்கள் என்று அர்த்தம், நம் ஊரில் பரிமாறுகிறவர் சொல்லும் அதே தொனி.

எனக்கு அப்போது செய்யத் தோன்றியது ஒன்றுதான். ஊரிலிருந்து கொண்டுபோன மக்ரூன் பெட்டி ஒன்று பிரிக்காமல் இருந்தது, ஓடிப்போய் எடுத்துவந்து கொடுத்தேன். அவர் அங்கேயே பிரித்து ஒன்றை வாயில் போட்டார். கண்ணை மூடினார். ‘காஜு?’ என்றார். முந்திரிக்கு அவர்களும் ஏறக்குறைய அதே பெயர்தான் வைத்திருக்கிறார்கள். நான் தலையாட்டினேன். பையன் கயிற்றை அவிழ்த்துப் போட்டான்.

கமிஷன் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் குழுவிலும் ஒரு அத்தான் இருப்பார். பல துறைகளில் ஆட்களைக் கூட்டிவரும் கப்தானுக்கும் படகுக்காரப் பையன்களுக்கும் சாப்பாடு கடைக்காரர் கணக்கில் நடக்கும். நம் ஊரில் நெடுஞ்சாலை உணவகத்தில் பஸ் ஓட்டுநருக்கு நடப்பதுதான். ஆனால் அந்த நெடுஞ்சாலைக் கடைச் சாப்பாட்டை மனதில் வைத்துக்கொண்டு இதை எடைபோட்டால் தப்பு. அங்கே பஸ் நிற்கும், நீங்கள் ஓடிப்போய் வாங்கி ஓடிவருவீர்கள், மறுபடி அந்தக் கடைக்கு நீங்கள் வரப்போவதில்லை என்று கடைக்காரருக்குத் தெரியும். இங்கே மே முதல் அக்டோபர்வரை அதே கப்தான் அதே துறைக்கு வாராவாரம் வர வேண்டியவர். மீன் நாறினால் அடுத்த வாரம் பக்கத்துக் குடாவுக்குப் போய்விடுவார். அவர் சாப்பிடுகிற இடத்தில்தான் உங்களையும் உட்கார வைக்கிறார்.

அதற்குப் பிறகு மூன்று இரவு கரையில் சாப்பிட்டோம். அத்தானும்தான்.

முதல் தடவை போய் உட்கார்ந்ததும் மெனு அட்டை கேட்காதீர்கள். எழுந்து உள்ளே போங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் பதினைந்து இருபது கிண்ணம் வரிசையாக இருக்கும். அவற்றுக்கு மெஸே என்று பெயர். விரலால் காட்டினால் போதும். சைவக்காரர்களே, இந்த இடத்தில் கவனியுங்கள், உங்களுக்குப் பட்டினி என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். அந்தப் பெட்டியில் பாதிக்கு மேல் காய்கறிதான். தணலில் சுட்டு மசித்த கத்தரிக்காய், வாயில் போட்டால் நம் சுட்ட கத்தரிக்காய்த் தொக்கின் வாசனை, புளிக்குப் பதில் எலுமிச்சை. பூண்டு போட்ட கெட்டித்தயிர். மொச்சை இனத்துப் பருப்பை வேகவைத்து மசித்து வில்லையாக வெட்டியது. பூசணி இனத்துப் பூவுக்குள் அரிசி அடைத்து வேகவைத்தது. ஆலிவ் எண்ணெயில் சமைத்து ஆறவைத்த காய்களுக்குத் தனிக் குடும்பமே உண்டு. இறைச்சி வேண்டாம் என்றால் ‘எத்சிஸ்’ என்று சொல்லுங்கள். கோழியும் மீனும் வேண்டாம் என்பதைத் தனியாகச் சொல்லுங்கள்.

எனக்குப் பிடித்தது ஒரு பச்சைக் கட்டு. முதலில் கடற்பாசி என்று நினைத்தேன். வாயில் வைத்ததும் தெரிந்துவிட்டது: உப்பளக் கரையில் சிறுபிள்ளையாகக் கடித்துத் துப்பிய உமரி. அதே இனத்துச் செடி. அவர்கள் அதை வேகவைத்து, காம்பைப் பிடித்து, முருங்கைக்கீரை உருவுவதுபோல் ஒரே இழுப்பில் உருவினால் உள்நரம்பு கையோடு வரும், சதை மட்டும் கிண்ணத்தில் விழும். பூண்டு, ஆலிவ் எண்ணெய், எலுமிச்சை. உப்பு போட வேண்டாம், செடியே கொண்டுவருகிறது. தூத்துக்குடியில் அதை மிதித்துக்கொண்டு நடந்த நான், அங்கே இரண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கினேன்.

மீன் ஐஸில் கிடக்கும், எடைபோட்டு விற்பார்கள். எடை போடும் முன் கிலோ என்ன விலை என்று கேளுங்கள், மொத்தம் எவ்வளவு வரும் என்று தாளில் எழுதச் சொல்லுங்கள். கேட்பதில் அவர்களுக்குக் கோபம் இல்லை. சிபுரா, லெவ்ரெக் என்று எங்கும் கிடைப்பவை பெரும்பாலும் பண்ணையில் வளர்ந்தவை. முலா மாகாணமே கடல்மீன் பண்ணைகளுக்குப் பேர்போனது. கடலில் பிடித்ததுதான் வேண்டும் என்றால் அன்றைக்கு என்ன வந்தது என்று கேட்டு அதை வாங்குங்கள், பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பெரும்பாலும் மீனை உப்பும் எண்ணெயும் தடவிச் சுட்டுத்தான் தருவார்கள். மிளகாய்ப்பொடி தேடும் நாக்கு இரண்டாம் நாள் அடங்கிவிடும். அடங்காவிட்டால் மாவடுவை எடுத்துக்கொண்டு இறங்குங்கள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன். நாங்கள் ஒரு துறையில் சமையல்கார அம்மாளுக்கே மாவடு கொடுத்தோம். ஒன்றைக் கடித்துவிட்டு ஜாடியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

சாப்பிட்டு முடித்து எழும்போது சமைத்தவரைப் பார்த்து ‘எலினே சாலுக்’ என்று சொல்லுங்கள். உங்கள் கைக்கு நலம் உண்டாகட்டும் என்பது பொருள். கைமணம், கைப்பக்குவம் என்று பேசுகிற நமக்கு இதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. கூப்பிடுவதற்கும் ஒரு வழி சொல்கிறேன். நம்மைப் போலவே அவர்களும் முன்பின் தெரியாதவரை முறை வைத்துத்தான் கூப்பிடுகிறார்கள். ஆபி என்றால் அண்ணன், ஆப்லா என்றால் அக்கா. அதிலும் அப்பாவின் தங்கைக்கு ஒரு சொல், அம்மாவின் தங்கைக்கு வேறு சொல். சித்தப்பாவும் தாய்மாமனும் ஒன்றில்லை. இங்கிலீஷில் எல்லாரையும் அங்கிள் ஆக்கிவிட்டு வந்த நம் பிள்ளைகளுக்கு அந்தத் துறைகளில் உறவுமுறைப் பாடமே நடந்தது. ரொட்டி கொடுத்த அந்த அம்மாளை நான் தெய்ஸே என்று கூப்பிட்டிருக்க வேண்டும். சித்தி என்று அர்த்தம். அந்தச் சொல் எனக்கு நாலாம் நாள்தான் தெரிந்தது.

மத்தியானச் சாப்பாட்டைப் படகிலேயே வைத்துக்கொள்ளுங்கள், வெயிலில் எங்கும் இறங்க முடியாது. ஆனால் பதினொரு மணி வாக்கில் சிறு மோட்டார்ப் படகு ஒன்று பக்கத்தில் வந்து ஒட்டினால் விரட்டாதீர்கள். உள்ளே ஒரு பெண் குந்தியிருப்பார், முன்னால் கவிழ்த்த இரும்புக் கல், கையில் நம் சப்பாத்திக் கட்டையைவிட மெலிந்த நீளக் கழி. மாவை வேட்டி மாதிரி மெல்லிசாக இழுத்து, கீரையும் பாலாடைக்கட்டியும் தூவி, மடித்துச் சுட்டு நீட்டுவார். கோஸ்லெமே. அலை அடிக்கும் படகில் அடுப்பை வைத்துக்கொண்டு மாவு திரட்டும் அந்தக் கையை எங்கள் மதினி பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டே நின்றார்.

காஷ் ஊரைத் தாண்டிக் கிழக்கே போகும்போது உலுபுருன் என்று ஒரு முனை வரும். பார்க்க ஒன்றுமில்லை, வெறும் பாறை. கப்தானிடம் இன்ஜினைக் கொஞ்சம் தணிக்கச் சொல்லுங்கள். 1982இல் கடற்பஞ்சு எடுக்கப் போன ஒருவர், காது வைத்த பிஸ்கட்போல் உலோகம் கிடக்கிறது என்று வந்து சொன்னார். கிறிஸ்துவுக்கு முன் 14ஆம் நூற்றாண்டில் மூழ்கிய கப்பல். 1984இலிருந்து 1994வரை இறங்கி இறங்கி எடுத்தார்கள். பத்து டன் செம்பு, ஒரு டன் தகரம், கண்ணாடிக் கட்டிகள். எனக்கு அதிலெல்லாம் மனம் நிற்கவில்லை. அதே கப்பலில் அத்தி, மாதுளை, ஆலிவ், பாதாம் இருந்தன. கொத்துமல்லி விதையும் இருந்தது. முப்பத்து மூன்று நூற்றாண்டுக்கு முன்பு கொத்துமல்லி ஏற்றிக்கொண்டு அந்த வழியாக ஒரு படகு போயிருக்கிறது. மதினியின் பொட்டலங்களைக் கேலி செய்வதை அன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

அந்தப் பொருட்கள் போத்ரும் கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நாங்கள் போகவில்லை. நேரமில்லை என்று சொன்னோம், உண்மையில் சோம்பல்.

கெகோவாவில் ஒரு நாள் முழுக்க இருங்கள். நீளத் தீவு ஒன்று கரைக்கு இணையாகப் படுத்திருக்கிறது. அதன் ஓரத்தில் நிலநடுக்கத்தில் அமிழ்ந்த பழைய ஊரின் சுவரும் படிக்கட்டும் தண்ணீருக்குள் இறங்கிப் போகின்றன. 1990இலிருந்து பாதுகாக்கப்பட்ட பகுதி. மூழ்கிய சுவர்களுக்கு மேல் நீந்தவோ நங்கூரம் போடவோ கூடாது. மெதுவாகக் கடந்து போகலாம், அவ்வளவுதான். எங்கள் கூட்டத்து இளவட்டம் ஒன்று குதிக்கத் தயாராகி, கப்தானின் குரலைக் கேட்டு உட்கார்ந்தது. எதிர்க்கரையில் கலேகோய் என்ற ஊர். வண்டி போகும் பாதை கிடையாது, படகு அல்லது நடை. தண்ணீரின் நடுவே கல்லில் ஒரு லிசியக் கல்லறை நிற்கும், அதன் மூடி கவிழ்த்துப் போட்ட படகு மாதிரி. சாயங்காலம் மேலே கோட்டைக்கு ஏறினால் பாறையிலேயே குடைந்த சின்ன அரங்கம், முந்நூறு பேர் உட்காரலாம். இறங்கும்போது வீட்டில் செய்த ஐஸ்கிரீம் வாங்குங்கள், அங்கேயே துறையோரமாக ராத்திரிச் சாப்பாடு. எங்கள் ஏழு இரவில் அதற்குத்தான் முதலிடம். பலகைக்கு அடியில் தண்ணீர் தட்டிக்கொண்டே இருக்கும், கால் நீட்டினால் நனையும்.

துறையில் கட்டுவதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது, சாப்பாட்டோடு சம்பந்தமில்லாதது. நங்கூரம் விழும் இடமெல்லாம் கடலடியில் பொசிடோனியா என்ற கடற்புல் இருக்கலாம். ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் படரும். ஒரு நங்கூரம் இழுத்துக்கொண்டு போனால் பல வருஷ வளர்ச்சி வேரோடு வரும். நம் பாக் விரிகுடாவில் ஆவுளியா என்ற கடற்பசு மேய்கிற கடற்புல்லும் இந்த மாதிரி இழுபட்டே குறைந்ததை நம் மீனவர்கள் சொல்வார்கள். 2022இல் அங்கே ஆவுளியாக் காப்பகம் அறிவிக்கப்பட்டது. துறைக் கயிற்றில் கட்டினால் நங்கூரமே இறங்காது.

பாட்டுப் போடும் ஸ்பீக்கர் விஷயமும் ஒன்று இருக்கிறது. தண்ணீர்மேல் சத்தம் எவ்வளவு தூரம் போகும் என்பது படகில் இருப்பவருக்குத் தெரியாது, கரையில் இருப்பவருக்குத் தெரியும். ராத்திரி பத்துக்கு மேல் அந்தக் குடாக்களில் ஆட்டு மணிச் சத்தம் கேட்கும். அந்த இரண்டாம் நாள் ராத்திரி எங்கள் பாட்டில் அதுவும் கேட்காமல் போயிற்று.

திரும்பி வரும்போது அந்தச் சின்னக் குடாவில் ஒரு ராத்திரி தங்கி, பதினொரு பேருக்கும் மேசை போடச் சொல்லிச் சாப்பிட வேண்டும் என்று எல்லாரும் முடிவு செய்திருந்தோம். முன்மொழிந்தவர் அத்தான். கப்தானிடமும் அவரே போய்ச் சொன்னார். கப்தான் சிரித்து, தொலைபேசியில் பேசிவிடுகிறேன் என்றார். ஆனால் காஷில் மெல்தெம் பிடித்துக்கொண்டது. ஒரு நாள் முழுக்க எந்தப் படகும் ஏழு முனைப் பக்கம் தலைவைக்கவில்லை. மறுநாள் விடியலில் கிளம்பி, நேராக ஃபெத்தியேக்கு வந்து சேரத்தான் நேரம் இருந்தது; அடுத்த நாள் காலை படகை ஒப்படைக்க வேண்டும், அதே மத்தியானம் வேறு குழு ஏறுகிறது. கப்தான் மறுபடி தொலைபேசியில் பேசி, வரவில்லை என்று சொன்னார். இரண்டாவது தடவை.

ஆகையால் நீங்கள் ஏஜென்டுக்கு எழுதும்போது, ஏழு இரவில் நாலு இரவு சாப்பாடு வெளியே, அதற்கு ஏற்பப் படகின் சாப்பாட்டுக் கணக்கைக் குறையுங்கள் என்று முதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். கேட்டால் பெரும்பாலும் செய்து கொடுப்பார்கள். ஜூலை ஆகஸ்டில் போகாதீர்கள், செப்டம்பரில் போங்கள், கடல் வெதுவெதுப்பாக இருக்கும். துறையில் கட்டிவிட்டுப் படகில் உட்கார்ந்து சாப்பிடாதீர்கள். அப்படியே சாப்பிட வேண்டிய நிலை என்றால், கயிற்றை நீட்டும் முன்பே கப்தானிடம் சொல்லி வேறு குடாவுக்கு விடச் சொல்லுங்கள்.

உங்களில் யாருக்காவது ஃபெத்தியே வளைகுடாவில் பூப்போட்ட தலைத்துணி கட்டிய ஓர் அம்மாள் மக்ரூன் பெட்டியைக் காட்டி ஏதாவது கேட்டால், அது எங்கள் பெட்டி. அங்கே உட்கார்ந்து சாப்பிடுங்கள். பதினொரு பேர் பாக்கி இருக்கிறோம் என்று சொல்லுங்கள், புரியாவிட்டாலும் பரவாயில்லை.

அன்புடன்,
உங்களுக்கு முன்னால் போய்வந்த ஒருத்தி